தண்ணீர் நின்ற கோடு: வைகையோடு ஒன்பது நாள்

முதல் நாள், கோம்பைத்தொழு

சின்னச் சுருளி அருவி சித்திரையில் கயிறு மாதிரிதான் விழும் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. மேகமலைக் காட்டிலிருந்து இறங்கிவரும் இந்த நீரும் கீழே போய் வைகைக்குத்தான் சேர வேண்டும்.

வைகையின் நீளம் 258 கிலோமீட்டர். வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களைத் தாண்டி ஓடுகிறது. ஓடுகிறது என்று எழுதினாலும் வருடத்தில் பல மாதம் அது மணல்தான். இந்த முறை மேலிருந்து கடல் வரை போய், தண்ணீர் இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒரே அக்கறையோடு படம் எடுக்கலாம் என்று கிளம்பியிருக்கிறேன். சித்ரா பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்பது போகப்போகத் தெரியும்.

அருவியை முதலில் எல்லாரும் எடுக்கிற மாதிரிதான் எடுத்தேன். வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் மாட்டி ஷட்டரை எட்டு விநாடி திறந்து வைத்தால் நீர் பட்டுத்துணி ஆகிவிடும். அழகுதான், ஆனால் கோடையில் மெலிந்த அருவியை அப்படி எடுத்தால் தண்ணீர் நிறைய இருப்பதுபோல் பொய் சொல்கிறது. அரை விநாடிக்கு இறக்கினேன். தனித்தனி இழையாக விழுந்தது தெரிந்தது. அப்புறம் போலரைசரைத் திருப்பிப் பாறைமேல் இருந்த பளபளப்பைக் குறைத்ததும்தான் முக்கியமான விஷயம் கண்ணில் பட்டது. நீர் விழும் இடம் நாலு முழ அகலம்கூட இல்லை. அதன் இரண்டு பக்கமும் பாறையில் கறுப்புப் பட்டை, காய்ந்துபோன பாசி. மழைக்காலத்தில் அருவி எவ்வளவு அகலமாக விழும் என்பதைப் பாறை குறித்து வைத்திருக்கிறது. அருவியை ஓரத்தில் தள்ளிவிட்டு அந்தப் பட்டையை நடுவில் வைத்து எடுத்தேன். இன்றைய படம் அதுதான்.

இரண்டாம் நாள், வருசநாடு

மூல வைகை காய்ந்து கிடக்கிறது. பாலத்திலிருந்து பார்த்தால் கல், கல், கல். இறங்கி நடந்தபோதுதான் அது வெறும் கற்குவியல் இல்லை என்பது புரிந்தது.

தட்டைக் கற்களாக இருக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். கூரையில் ஓடு அடுக்கியதுபோல் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். தாழ்ந்திருக்கும் விளிம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமிருந்துதான் ஆறு வந்தது. வெள்ளம் கற்களைப் புரட்டிப் புரட்டி, இனி புரளாத நிலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஒரு சொட்டு நீர் இல்லாத இடத்தில் நீர் வந்த திசையைக் கல் சொல்கிறது. கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் அந்த அடுக்கு நன்றாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளை, நிழலே இல்லை, படமும் இல்லை.

மதியம் தேனிப் பக்கம் வந்து, குன்னூருக்கு அருகே முல்லையாறு வைகையோடு சேரும் இடத்தைப் பார்த்தேன். அங்கே மெலிதாக நீர் இருக்கிறது. அது மலைக்கு அந்தப் பக்கத்து நீர். மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணையை பென்னிகுயிக் கட்டி முடித்தது 1895-இல். வைகை என்று நாம் குடிப்பதிலும் பாய்ச்சுவதிலும் பெரும்பங்கு பெரியாறுதான். பிறந்த இடத்தில் காய்ந்து கிடக்கும் ஆற்றுக்கு இன்னொரு ஆறு வந்து உயிர் கொடுக்கும் இடம் இது. பெயர்ப்பலகைகூட இல்லாத சாதாரண மணல்திட்டு. அந்த முனையில் நிற்கும்போது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

மூன்றாம் நாள், வைகை அணை

1959-இல் திறக்கப்பட்ட அணை. முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடி வந்தால் கரையோர ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது. மதுரைக்காரர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம். செய்தித்தாளில் அணை மட்டத்தை முதலில் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்கும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

அணையின் முன்பக்கம் பூங்கா, கூட்டம். நான் நீர்த்தேக்கத்தின் பின்பக்கக் கரைக்குப் போனேன். நீர் இறங்கும்போது அங்கங்கே சில நாள் தங்கித் தங்கி இறங்கும். தங்கிய இடத்திலெல்லாம் கரையில் கோடு விழும். படிக்கட்டு மாதிரி கோடுகள், மேல் கோட்டில் காய்ந்த புல், அடுத்ததில் வெடித்த சேறு, கடைசியில் ஈரம். டெலி லென்ஸ் போட்டு அந்தக் கோடுகளை மட்டும் நெருக்கி எடுத்தேன். வானமும் இல்லை, அணையும் இல்லை. நீர் எப்படிக் குறைந்தது என்ற கணக்கு மட்டும் இருக்கிறது.

மாலையில் டீக்கடையில் கேள்விப்பட்டேன், அழகருக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள்.

நான்காம் நாள், சோழவந்தான்

இந்த நாளுக்காகத்தான் பயணத்தைச் சித்திரையில் வைத்தேன்.

கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளுக்காக அணையிலிருந்து தண்ணீர் விடுவார்கள். காய்ந்த மணலில் அந்த நீர் நடந்து மதுரைக்கு வர வேண்டும். அந்த நீரின் முகத்தை, முதல் விளிம்பைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அணைப்பட்டியில் விசாரித்தேன். "இங்கிட்டுத் தாண்டிப் போயிருச்சு தம்பி, கீழ போயிப் பாருங்க" என்றார் கோயில் வாசலில் தேங்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மா. சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் இருக்கிற கரையில் இறங்கி ஆற்றின் நடுவில் நின்றேன். மணல் சுடவில்லை, இன்னும் வெயில் ஏறவில்லை. எதுவும் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து முதலில் வந்தது கொக்குகள்.

மேற்கே வெள்ளையாக எழும்பி எழும்பி உட்கார்ந்தன. அவற்றுக்கு முன்னால் மணலில் ஏதோ கறுப்பாக நகர்ந்தது. எறும்பு, பிள்ளைப்பூச்சி, வண்டு, சிலந்தி, எல்லாம் கும்பலாகக் கிழக்கே ஓடிவருகின்றன. அவற்றின் வளைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. கொக்கும் மைனாவும் அதைத் தின்கத்தான் பின்னாலேயே வருகின்றன.

அப்புறம் சத்தம். தாளிக்கும்போது கடுகு பொரிகிற சத்தம், ஆனால் ஆற்றின் அகலத்துக்கு. மணலுக்குள் மாதக்கணக்காக அடைந்து கிடந்த காற்றை நீர் வெளியே தள்ளுகிறது, ஒவ்வொரு மணல் இடுக்கிலும் ஒரு குமிழி. அதன் பிறகுதான் நீர். கோபமாக வரும் என்று நினைத்திருந்தேன். அது தவழ்ந்து வந்தது. விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குச் சருகும் வைக்கோலும் பழுப்பு நுரையும், ஒற்றைச் செருப்பு, வேப்பம்பழம், உடைந்த சட்டியின் ஓடு. பள்ளம் வந்தால் நின்று அதை நிரப்பும், நிரப்பிய பிறகுதான் அடுத்த அடி. மேடு வந்தால் இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போய் அந்தப் பக்கம் கை கோத்துக்கொள்ளும். ஒரு இடத்தில் மணல் அதைக் குடித்தே விட்டது. விளிம்பு நின்றது, நுரை தரையில் படிந்தது, பின்னாலிருந்து நீர் வந்து தள்ளிய பிறகு மறுபடி நகர்ந்தது. நான் மெதுவாகப் பின்னால் நடந்தாலே போதும், அதைவிட வேகமாக அது வரவில்லை.

எண்பது படம் போல எடுத்திருப்பேன். பெரும்பாலானவை நான் நினைத்தபடி இல்லை. நீர் விளிம்பை அகலமாக எடுத்தால் ஈர மணல் மாதிரிதான் தெரிகிறது. முட்டி போட்டுக் கேமராவை மணலில் வைத்து, 35 எம்.எம். லென்ஸில், முன்னால் காய்ந்த மணலும் நடுவில் நுரைக்கோடும் பின்னால் வானம் தெரியும் நீருமாக வைத்தபோதுதான் சரியாக வந்தது. ஷட்டர் 1/500. ஓடிவரும் ஒரு பிள்ளைப்பூச்சி ஃபோகஸில் நிற்கிறது. அதன் பின்னால் ஆறு வருகிறது. கடைசிப் படத்துக்குப் பிறகு கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நீர் பாதத்தைத் தொட்டது, கணுக்காலைத் தாண்டியது. மேலாக வெதுவெதுப்பு, அடியில் மணல் நழுவிக்கொண்டே இருந்தது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி இறங்கிவந்து ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். "அழகரு தண்ணி" என்றார். கேமராவைத் தூக்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள், மதுரை

பௌர்ணமி. விடிகாலை தங்கக் குதிரையில் அழகர் இறங்கினார். பச்சைப் பட்டு உடுத்தியிருந்தார். பச்சை என்றால் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும் என்று ஊர் நம்பும். அந்த நொடியை எடுக்க ஆயிரம் கேமரா இருந்தன. என் வேலை அது இல்லை என்று முந்தின இரவே முடிவு செய்திருந்தேன்.

இரவு ஒரு மணிக்கு ஏ.வி. பாலத்தில், அதாவது ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்றேன். 1889-இல் கட்டிய பாலம், அதன் தூண்களைப் பார்த்தாலே ஆறு ஒருகாலத்தில் எவ்வளவு வருமென்று எதிர்பார்த்தார்கள் என்று தெரியும். கீழே நிலா வெளிச்சத்தில் நேற்றுப் பார்த்த அதே நீர், இப்போது பரந்து ஆழமில்லாமல். மைய மண்டபம் நீரில் தலைகீழாகத் தெரிந்தது. வருடத்தில் அந்த மண்டபம் தன் நிழலை நீரில் பார்க்கும் இரவுகள் அதிகமில்லை. முப்பது விநாடி, ஐ.எஸ்.ஓ. 400. பாலம் கூட்டத்தில் அதிர்ந்துகொண்டே இருந்ததால் இருபதில் இரண்டுதான் கூர்மையாக வந்தன. போதும்.

ஆறாம் நாள், மானாமதுரை

விரகனூர் மதகணையைத் தாண்டியதும் மறுபடி மணல். திருப்புவனத்திலும் மணல். மானாமதுரையில் கடம் செய்யும் வீட்டில் அரை நாள் இருந்தேன். கண்மாய் மண்தான் கடமாகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே அவசரமாகச் சொல்ல மனமில்லை.

ஏழாம் நாள், ராமநாதபுரம்

ராமநாதபுரம் பெரிய கண்மாய்தான் வைகையின் கடைசி வீடு. பார்த்திபனூர், பரமக்குடி தாண்டி மிச்சம் இருக்கிற நீர் இங்கே வந்து நிற்கும். நின்றது போக மிச்சம் மறுகாலில் வழிந்து போனால்தான் கடல். வழியில் இரண்டு கரையிலும் நூற்றுக்கணக்கில் கண்மாய்கள் வைகையைக் குடித்துவிடுவதால் கடலுக்குப் போவது அபூர்வம். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலோடு சேரமாட்டேன் என்று வைகை ரோஷமாக நின்றுவிட்டதாகப் பழம்பாட்டு ஒன்று உண்டு. எனக்கு அந்த ரோஷம் பிடிக்கும். ஆனால் ஆற்றை ஊர் ஊராக நிறுத்தி வைத்தது இந்த மண்ணின் மனிதர்கள். கடலுக்கு ஒரு சொட்டும் வீணாகப் போகக் கூடாது என்று வரத்துக்காலும் கரையும் மடையும் கலுங்கும் வெட்டியவர்கள்.

கண்மாய்க்குள் இறங்கினேன். பாளம் பாளமாக வெடித்த தரை. வறட்சி என்றால் பத்திரிகையில் வரும் படம் இதுதான், வெடிப்புக்கு நடுவே ஒரு செடியோ ஒரு முதியவரோ. நானும் அப்படி எடுத்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு அந்தப் படத்தின் மேல் எனக்கு வருத்தம் வந்துவிட்டது. காரணம் அங்கே கிடை போட்டிருந்த கீதாரி ஐயா.

முந்நூறு ஆடு இருக்கும். வேலாமர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். "கண்மாய் இப்படிக் காஞ்சு கெடக்குதே ஐயா" என்று ஆரம்பித்தேன்.

"சித்திரையில காயாம? தண்ணி கெடக்கையில அது சம்சாரி கண்மாயி. வத்தயில மீனுக்காரன் கண்மாயி. வத்துனப்புறம் ஆட்டுக்காரன் கண்மாயி. காயத்தான தம்பி வேணும்."

ஒரு பாளத்தைப் பெயர்த்துக் கையில் கொடுத்தார். அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டிருந்தது, மேலே நைசான வண்டல், அடியில் கரடு. நீர் கலங்கலாக வந்து நின்று தெளியும்போது மெல்லிய மண் கடைசியில் படியும். அது காயும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வண்டல் கனமாக இருக்கும் இடத்தில் பாளம் பெரியது, மெல்லிசாக இருக்கும் இடத்தில் சிறியது. அதாவது வெடிப்பு என்பது நீர் வந்து நின்றதற்கு அத்தாட்சி. நீரே வராத நிலம் இப்படி வெடிக்காது. இந்தக் கரம்பை மண்ணைத்தான் கோடையில் வண்டியில் அள்ளிக்கொண்டு போய் வயலில் போட்டார்கள். ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்துவிட்டால் வேறு உரம் எதற்கு?

"அப்ப எதைப் பாத்து ஐயா கவலைப்படணும்?"

கையை நீட்டிக் காட்டினார். நீர் வர வேண்டிய பக்கம் முழுக்கச் சீமைக்கருவேலம். பச்சைப்பசேலென்று இருக்கிறது. தெரியாதவர்கள் வந்து பார்த்தால் அந்தப் பச்சையைத்தான் செழிப்பு என்று எடுப்பார்கள், இந்த வெடிப்பை வறட்சி என்று எடுப்பார்கள். நேர்மாறாக! வரத்துக்கால் அடைத்துப்போனால் கரையும் மடையும் எவ்வளவு உறுதியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களுக்கு அந்த மரம்தான் சோறு என்பதும் உண்மை. அதனால் மரத்தைத் திட்டிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. ஆனால் கால்வாய்க்குள் அது நிற்கக் கூடாது.

வெயில் தாழ்ந்ததும் மடைக்குப் போனேன். இரண்டு கல்தூண், நடுவே குறுக்குக் கல். தூணின் கீழ்ப்பாதி கறுப்பு, மேல்பாதி வெளுப்பு, நடுவில் அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் போய் நின்றேன். கோடு என் நெஞ்சு உயரம். என்னைச் சுற்றி நெஞ்சு உயரத்துக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீர் நின்றிருக்கிறது. அதோ அந்த வேலமரத்தின் கிளையில் வைக்கோல் சிக்கியிருக்கிறது, அதே உயரம். முட்செடியில் கிழிந்த வலைத்துண்டு, அதே உயரம். டிரைபாடைச் சரியாக அந்தக் கோட்டு மட்டத்துக்கு ஏற்றி, நீர் மட்டத்தில் கண் இருப்பதுபோல் எடுத்தேன். படத்தில் நீர் இல்லை. ஆனால் பார்க்கிறவர் மூழ்கி நிற்பார்.

மாவட்டத்தின் வடக்கே ராஜசிங்கமங்கலத்தில் இருப்பதை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பார்கள். நாரைகூட ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலம். நாற்பத்தெட்டு மடையிலும் இந்தக் கோட்டைத் தேடி ஒருநாள் நடக்க வேண்டும்.

எட்டாம் நாள், சித்திரங்குடி, அப்புறம் ஒரு ஊற்று

காலையில் வைகையை விட்டு விலகிச் சித்திரங்குடிக்குப் போனேன். 2022-இல் காஞ்சிரங்குளத்தோடு சேர்த்து, உலகளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வந்த பறவைகள் சரணாலயம். இதுவும் கண்மாய்தான். பறவைகள் போய்விட்டன. நாட்டுக்கருவேல மரங்களில் குச்சிக்கூடுகள் மட்டும் மிச்சம். எச்சம் பட்டு இலைகள் வெள்ளையாக இருக்கின்றன. கீழே காய்ந்த தரையில் மீன்முள். வெறும் கூடுகளை வானத்துக்கு எதிராக எடுத்தேன்.

மதியத்துக்கு மேல் கடலாடிப் பக்கம். ஊரின் பெயரைச் சொல்லவில்லை, அந்த அக்கா கேட்டுக்கொண்டார்.

தள்ளுவண்டியில் ஆறு பிளாஸ்டிக் குடம். காய்ந்த ஓடைக்குள் ஆளுயரப் பள்ளம், அதற்குள் குந்தி உட்கார்ந்து சிரட்டையால் நீர் கோரிக்கொண்டிருந்தார். ஊற்றின் வாய் ஒரு தாம்பாளம் அகலம். நாலு சிரட்டை கோரினால் வற்றிவிடும். காத்திருக்க வேண்டும். மணலிலிருந்து நீர் கசிந்து, நடுவில் கூடி, கலங்கல் அடங்கிய பிறகு மறுபடி சிரட்டை.

"கொஞ்சம் ஆழமாத் தோண்டுனா நெறைய வருமேக்கா?"

"இன்னும் ஒரு சாண் போனா உப்புண்ணே. மேல நிக்கிறதுதான் நல்ல தண்ணி."

நல்ல நீர் உப்புநீரைவிட எடை குறைவு. மழையில் இறங்கிய நீர் மணலுக்குள் உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக நிற்கிறது. மோட்டார் போட்டு இழுத்தால் கீழே இருக்கும் உப்பு ஏறிவிடும். பாலில் ஆடை எடுப்பதுபோல் மேலாக, மெதுவாகத்தான் எடுக்க முடியும். அதற்குச் சரியான கருவி சிரட்டைதான். எந்தப் புத்தகமும் சொல்லாமல் இங்கே பெண்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்கள் கொடுக்கும் விலை அவர்களுடைய பகல் முழுவதும். நான் இருந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு குடம்தான் நிரம்பியது.

கீதாரி ஐயாவின் கண்மாய் காய்ந்திருந்தது, அங்கே குறை இல்லை. இங்கே நீர் இருக்கிறது, தாகம் இங்கேதான் இருக்கிறது.

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "என் மூஞ்சி வேணாம்ணே. ஊத்த எடுத்துக்கங்க." பள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து நேர்மேலிருந்து எடுத்தேன். ஈர மணலில் வட்டமாக ஒரு துண்டு வானம், அதன் ஓரத்தில் சிரட்டை, சிரட்டையைப் பிடித்திருக்கும் விரல்கள். விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன.

ஒன்பதாம் நாள், ஆற்றங்கரை

வைகை கடலைத் தொடும் இடத்தில் இருக்கும் ஊருக்குப் பெயரே ஆற்றங்கரை. பக்கத்தில் அழகன்குளம். ரோமானியக் காசுகளும் கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த பழைய துறைமுகம். கப்பல் வந்து நின்ற ஆறு இது.

வந்து பார்த்தால் ஆறு நிறைய நீர்! ஒன்பது நாளில் இவ்வளவு நீரை நான் பார்க்கவில்லை. நாக்கில் வைத்தேன், உப்பு. கடல் ஏறி ஆற்றுக்குள் வந்திருக்கிறது. சோழவந்தானில் மேற்கிலிருந்து வந்த விளிம்பைப் பார்த்தேன், இங்கே ஏற்றத்தின்போது கிழக்கிலிருந்து ஒரு விளிம்பு மணலில் ஏறிக்கொண்டிருக்கிறது. இதிலும் நுரை, இதிலும் சருகு. அதே 35 எம்.எம்., அதே மாதிரி முட்டி போட்டு எடுத்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும்.

வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணனிடம் நல்ல தண்ணீர் எப்போதாவது இங்கே வருமா என்று கேட்டேன்.

"பெரிய கம்மா மறுகா போனா வரும். ஐப்பசி, கார்த்திகையில நல்ல மழை பேஞ்ச வருசம். செம்மண் கலர்ல வரும், கடலுக்குள்ள கொஞ்ச தூரம் செவப்பாவே கெடக்கும். அப்ப மடவை மீனு ஏறி வரும் பாருங்க... வாயில ஊத்திப் பாத்தா இனிக்கும் தம்பி."

என் செல்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டார். மறுகால் போனால் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.